துருவி சொன்ன வம்ச வரலாறு

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பேர் துருவி. வைத்தவன் யாரென்று தெரியாது, ஆனால் கெட்டிக்காரன். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று ஒருவன் வந்து நின்றால், மற்ற கடைக்காரர்கள் அவன் கண்ணைப் பார்ப்பார்கள். இவரோ எந்த எழுத்து, எந்தப் பத்திரிகை, ஜன்னலோரம் வைத்துப் படித்தாயா விளக்கடியில் படித்தாயா, அப்படி என்ன செய்தி அது என்று துருவித் துருவிக் கேட்பார். வந்தவன் "ஐயா, எனக்குக் கண்ணாடி போதும், ஆளை விடுங்க" என்று கும்பிடுகிற வரைக்கும் விடமாட்டார். "இவர் மோட்ச வாசல்ல போய் நின்னாலும் சட்டுனு உள்ள போகமாட்டார். கதவு எந்த மரம்னு கேட்டுக்கிட்டு நிப்பார்" என்பது அவருடைய வீட்டுக்காரம்மாவின் நிரந்தரக் கருத்து.

அப்பேர்ப்பட்ட மனிதர், வயசு அறுபதைத் தாண்டிய பிறகு, ஒரே ஒரு சொல்லில் போய் மாட்டிக்கொண்டு முழித்தார். அந்தச் சொல் ‘பெற்றான்’.

விஷயம் இதுதான். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைச் சபைக்குக் கொண்டுபோய்க் கடவுளுக்கென்று பிரதிஷ்டை செய்யும்போது, வீட்டில் மூத்தவர் மேடையேறி வம்சத்தைச் சொல்ல வேண்டும். அதுவும் வேதத்தில் ஆபிரகாமிலிருந்து வரிசையாக வருகிறதே, அதே தோரணையில். படகுக்காரன் கொல்லனைப் பெற்றான், கொல்லன் பெட்டிக்காரனைப் பெற்றான், பெட்டிக்காரன் கண்ணாடிக்காரனைப் பெற்றான், கண்ணாடிக்காரன் லிஃப்ட்காரனைப் பெற்றான். பேரைச் சொல்லாமல் தொழிலைச் சொல்வது அந்தப் படகுக்காரர் தொடங்கிவைத்தது. ஒரு வெள்ளத்தில் வீடு, மனைவி, பிள்ளைகள் எல்லாம் போய், மிஞ்சிய ஒரு பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்று அவர் கதறியபோது, ‘உன் வீட்டு வாசலில் ஆள் இல்லாமல் போகாது’ என்று கடவுள் தனக்குச் சொன்னதாகச் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாக்குக்குச் சாட்சியாகத்தான் இந்த வரிசை. கடவுள் மறந்துவிடுவார் என்று சொல்கிறோமா, நாம் மறந்துவிடுவோம் என்று சொல்கிறோமா என்று துருவி சின்ன வயசிலேயே கேட்டு, அப்பாவிடம் நறுக்கென்று ஒரு குட்டு வாங்கியிருக்கிறார்.

துருவிக்கு ஒரே மகன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடின, ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இருவருமாகச் சேர்ந்து ஒரு முடிவெடுத்து, இரண்டரை வயதுப் பெண்குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து வந்தார்கள். வந்த அன்றே அந்தக் குட்டி வீட்டின் கீழ்த்தளத்திலேயே இருந்த கடைக்குள் நுழைந்து, கண்ணாடிக்கூடு ஒவ்வொன்றையும் டப் டப் என்று திறந்து மூடிவிட்டு, கடைசிக் கூட்டுக்குள் ஒரு பிஸ்கட்டை வைத்துப் பூட்டியது. துருவிக்கு உயிரே அவள்தான் என்றாகிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை என்று நாள் குறித்தாயிற்று. அப்போதுதான் சாப்பாட்டு மேஜையில் மனிதர் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, எனக்கொரு சந்தேகம். லிஃப்ட்காரன் இவளைப் பெற்றான்னு நான் எப்படிச் சொல்றது?"

மருமகள் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "வாயாலதான் மாமா. வேற எப்படிச் சொல்வீங்க?"

"அதுக்கில்லம்மா. மேடையில நின்னு பொய் சொல்லக்கூடாது பாரு. ‘ஏற்றுக்கொண்டான்’னு சொல்லலாமா? இல்ல ‘வளர்த்தான்’? அதுவும் நல்ல சொல்லுதானே?"

"எல்லாருக்கும் நாற்காலியைப் போட்டுட்டு என் பிள்ளைக்கு மட்டும் முக்காலி போடப் பார்க்கறீங்க."

"ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லம்மா..."

சொல்லியிருக்கக் கூடாது. யாரிடம் போய் எதைப் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் தினமும் ரத்தத்துலதான் மாமா குடித்தனம் பண்றேன். சர்க்கரை தெரியும், கொழுப்பு தெரியும், காய்ச்சல் தெரியும். இவன் இன்னார் பேரன்னு எந்தக் குப்பியிலயும் நான் பார்த்ததில்லை. ஞாயித்துக்கிழமை அந்த வார்த்தையைச் சொல்ல மனசிருந்தா மேடைக்கு வாங்க. இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க வேற சபையில போய்ப் பிரதிஷ்டை பண்ணிக்கறோம். அதுக்கப்புறம் வம்சம் கிம்சம்னு எதுக்கும் என் பிள்ளையைத் தேடாதீங்க."

மகன் அப்பாவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவ சொல்றதுதான்பா எனக்கும்" என்றான். இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள்.

"நல்லா வேணும்" என்றாள் வீட்டுக்காரம்மா. "நாக்கு சும்மா இருந்தாலும் உங்க சந்தேகம் சும்மா இருக்காதே. அஞ்செழுத்து வார்த்தை. சொல்லிட்டு இறங்கி வர்றதுக்கு என்ன கேடு?"

"நாலெழுத்து" என்றார் துருவி. விரல் விட்டு எண்ணியும் பார்த்தார். அந்த அம்மாள் தட்டுகளை எடுத்துப் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

உண்மையில் அவரை அரித்தது வேறு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை யார் வயிற்றில் பிறந்தால் என்ன, அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் படகுக்காரருக்குக் கொடுத்த வாக்கு? அத்தனை தலைமுறை தள்ளாடாமல் வந்த சொல், தன் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டதா? அப்படி நின்றுபோயிருந்தால், ‘பெற்றான்’ என்று மேடையில் சொல்வது கடவுளுடைய தோல்வியைத் துணி போட்டு மூடுகிற வேலை ஆகாதா? கடவுள் பொய்த்துவிட்டார் என்று சொல்ல நெஞ்சு வரவில்லை, பொய்க்கவில்லை என்று நிரூபிக்க வழியும் தெரியவில்லை.

மறுநாள் கடையை மதியத்தோடு மூடிவிட்டு அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறினார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பல் போனாலும் சொல் போகாதவள். துருவிக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. வம்ச வரிசையில் முன்னால் யாராவது ஒருவர் எடுத்து வளர்த்த பிள்ளையாக இருந்துவிட்டால் போதும், அந்தக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு தாமும் தைரியமாகச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு போனார்.

"அத்தை, ஒரு விஷயம் கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. எங்கப்பாவை எங்கேயிருந்தாவது எடுத்து வந்து வளர்த்தாங்களா?"

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? உங்கப்பன் பிறந்தப்ப வாசப்படியில நின்னவ நான். அவன் அலறின அலறல் இன்னும் காதுல கேக்குது."

"சரி, தாத்தா? கொல்லர்? அந்த வெள்ளத்துல வேற யாரோட பிள்ளையாவது மாறிப்போயி..."

"டேய், இங்க வா." அத்தை அவர் இடது காதைப் பிடித்து இழுத்தாள். "இது வலது காதை விட ஒரு படி கீழே இருக்கா? உங்கப்பனுக்கு இருந்துச்சு, கொல்லருக்கு இருந்துச்சு, படகுக்காரருக்கும் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. உன் மகனுக்கும் இருக்கு. எவன் கண்ணாடி போட்டாலும் கோணலா நிக்கும். இந்தக் காதைக் கடையில வாங்கியா ஒட்ட முடியும்?"

உண்மைதான். தன் கண்ணாடிக்கே ஒரு பக்கத்துக் கொம்பை வளைத்துத்தான் போட்டுக்கொள்கிறவர் அவர். வேறு யாரோ கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்கு அந்தக் காதைப் பிய்த்தெறிய வேண்டும் போல இருந்தது. எல்லாரும் அசல். ஒருத்தராவது ஒத்தாசைக்கு வரவில்லை.

அத்தை கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடவுளிடமே நேராகக் கேட்டுவிட்டார். முதுமையில் இதற்கென்ன வெட்கம்? ‘சொன்னீரே, செய்தீரா? ஆமாம் இல்லை என்று ஒரு பதில் சொல்லும்.’ பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான் "என்னையா கேட்டீங்க?" என்றான். வாய்விட்டே கேட்டிருக்கிறார் போலிருக்கிறது.

சனிக்கிழமை கடையில் ஆள் குறைவு. துருவி கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகைக்கு அடியில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேதத்தைப் பிரித்து, அந்த வம்ச வரிசையை எடுத்தார். ஆயிரம் தடவை கேட்டது. கேட்கிறபோதெல்லாம் கொட்டாவி விட்டது. தோரணையைக் கடன் வாங்கினோமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷம் துருவாமல் விட்டுவிட்டோமே என்று அவருக்கே வெட்கமாகப் போயிற்று. இப்போது வாடிக்கையாளரை விசாரிக்கிற மாதிரி ஒவ்வொரு பேராக நிறுத்தி விசாரித்தார்.

பெற்றான், பெற்றான், பெற்றான் என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு இடத்தில் தட்டியது. யூதா தன் பிள்ளைகளைத் தாமாரிடத்தில் பெற்றான் என்று இருந்தது. ஆண்பிள்ளைகள் வரிசையில் இந்த அம்மாளுக்கு என்ன வேலை? யோசித்தார். யூதா சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் ஓரங்கட்டிய மருமகள் அவள். வெட்கக்கேடான கதை, அதை மறைக்காமல் நடுவில் வைத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி ராகாபிடத்தில், ரூத்திடத்தில் என்று வந்தது. ஒருத்தி எதிரி ஊர்க்காரி, ஊரே வாய்க்கு வந்தபடி பேசின பெண். இன்னொருத்தி அயல்தேசத்து விதவை. வம்சப் பெருமை பேசுகிற எவனும் இவர்களையெல்லாம் சத்தமில்லாமல் விட்டுவிட்டல்லவா எழுதியிருப்பான்?

ரூத்தின் கதையைத் திருப்பிப் பார்த்தார். மறுமணம் செய்துகொண்ட ரூத்துக்குப் பிள்ளை பிறக்கிறது. செத்துப்போன முதல் புருஷனின் தாய் நகோமி அதை மடியில் போட்டுக்கொள்கிறாள். உடனே அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, நகோமிக்குப் பிள்ளை பிறந்தது என்கிறார்கள். துருவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நகோமிக்கும் அந்தப் பிள்ளைக்கும் வயிற்று உறவே இல்லை. அவள் மகன் எப்போதோ செத்துவிட்டான். ஆனாலும் பிறந்தது என்கிறார்கள். அதை வேதம் திருத்தவில்லை. அந்தப் பிள்ளையின் பேரன்தான் தாவீது ராஜா.

"அட!" என்றார் துருவி தனியாக.

வரிசையின் கடைசிக்கு வந்தார். அங்கே நெஞ்சு திக்கென்றது. ஆபிரகாமிலிருந்து அத்தனை பேரும் ஊர்வலமாக வந்து யோசேப்பு வீட்டு வாசலில் நிற்கிறார்கள். யோசேப்பு யாரையும் பெற்றான் என்று எழுதியிருக்கவில்லை. அவர் மரியாளின் புருஷன், அவ்வளவுதான். மீட்பர் வருவார் என்று தாவீதின் வம்சத்துக்குக் கொடுத்த வாக்கு தச்சரான அந்த யோசேப்பு வழியாகத்தான் வருகிறது. அந்தத் தச்சரோ தாம் பெறாத மரியாளின் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டவர். ரத்தம்தான் கணக்கென்றால், இத்தனை பெரிய வரிசையைக் கொண்டுவந்து கடைசிக் கண்ணியில் கடவுளே வேண்டுமென்று அறுத்துவிட்டாரா? அறுக்கவில்லையே. அங்கேதானே வாக்கு நிறைவேறியது!

துருவி எழுந்து கடைக்குள் இங்கும் அங்கும் நடந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, யாரும் கண்ணாடி வாங்க வரவில்லை. பொய்க்கவில்லை, என் வீட்டோடு நின்றுபோகவில்லை என்று திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். பேத்தி டப்பென்று மூடிய கண்ணாடிக்கூடுகளெல்லாம் அலமாரியில் வரிசையாக இருந்தன. அவருக்கு உடனே மாடியேறி ஓடி அவளைத் தூக்க வேண்டும் போல இருந்தது.

ஓடவில்லை. புத்தி மறுபடி அந்தச் சொல்லுக்கே போனது. தாமாரிடத்தில் பெற்றான். கடையில் ஒருவரிடத்தில் ஒரு பொருளை வாங்கினால் என்ன எழுதுகிறோம்? இன்னாரிடத்தில் பெற்றேன் என்றுதானே? பெறுவதும் பெறுவதும் ஒரே சொல். பிள்ளை பெறுவதும் அதுதான், கைநீட்டி வாங்குவதும் அதுதான். அப்படியானால் பொய்யே சொல்ல வேண்டாம்! ஏதோ ஒரு தாய் இவளைச் சுமந்திருக்கிறாள், அவளிடத்தில் என் மகன் பெற்றான். வேதத்தின் தோரணையிலேயே, அச்சு அசலாக உண்மை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், குறுக்கே வைத்துப் பார்த்தார், ஒரு ஓட்டை இல்லை. மனைவியிடம்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு, "நாளைக்கு மேடைக்கு வர்றேன்" என்று மட்டும் மருமகளிடம் சொன்னார்.

"சொல்வீங்கல்ல?" என்று கேட்டாள் அவள்.

"சொல்வேன்."

"முக்காலி இல்லையே?"

"நாற்காலிதாம்மா. நல்ல கைப்பிடி வச்ச நாற்காலி."

மறுநாள் சபையில் கூட்டம். போதகர் நல்ல மனிதர், துருவியை நெடுநாளாக அறிந்தவர். மைக்கைக் கையில் கொடுக்கும்போதே, "ஐயா, சொல்லுங்க. சுருக்கமாச் சொன்னாலும் கடவுள் கேப்பார்" என்றார். மகன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். மருமகள் பக்கத்தில் நின்று மாமனாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படகுக்காரன் கொல்லனைப் பெற்றான்" என்று ஆரம்பித்தார். குரல் கணீரென்று வந்தது. "கொல்லன் பெட்டிக்காரனைப் பெற்றான். பெட்டிக்காரன் கண்ணாடிக்காரனைப் பெற்றான். கண்ணாடிக்காரன் லிஃப்ட்காரனைப் பெற்றான்." ஒரு மூச்சு விட்டார். "லிஃப்ட்காரன், பேர் தெரியாத ஒரு பெண்ணிடத்தில், இந்தக் குழந்தையைப் பெற்றான்!"

மூன்றாம் வரிசையிலிருந்து முடிதிருத்துகிறவர், "அடப்பாவி, லிஃப்ட்காரனா?" என்றது எல்லாருக்கும் கேட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ ஓதினாள். மகனின் முகம் செங்கல் நிறமானது. வீட்டுக்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு "ஐயோ, ஐயோ, ஐயோ" என்றாள்.

துருவிக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சொல்லைப் பத்துப் பக்கமும் புரட்டிப் பார்த்தவர், பதினோராவது பக்கத்தைப் பார்க்கவில்லை. மைக் சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோய், "பேர் தெரியாத ஒரு பெண்ணிடத்தில்!" என்று மறுபடி முழங்கினார்.

முதலில் சிரித்தது மருமகள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்துக் குழந்தை சிரித்தது. பிறகு சபையே சிரித்தது. சிரித்துக்கொண்டே வந்தவள் மாமனார் கையிலிருந்த மைக்கை ஒரு கையால் மூடினாள்.

"மாமா, உங்க பையன் மானத்தைக் கப்பலேத்திட்டீங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஐயையோ! அம்மா, நான் அந்த அர்த்தத்துல... வேதத்துல தாமாரிடத்தில், ரூத்திடத்தில்னு... இவளைச் சுமந்தவளை விட்டுட்டுச் சொன்னா அது நியாயமில்லைன்னுதான்... இரு, நான் அதை எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க." அவள் சிரிப்பு நின்றிருந்தது. கண்ணில் நீர் நிறைந்திருந்தது. "அவளை ஒருத்தரும் எங்கேயும் சொல்லலை மாமா. கோர்ட்டுல சொல்லலை, ஆஸ்பத்திரியில சொல்லலை. எனக்கே சொல்ல பயமா இருந்துச்சு. நீங்க சொல்லிட்டீங்க. அவ இருக்கட்டும். என்னையும் சேர்த்துக்குங்க, அது போதும். நானும் பெத்தேன் மாமா."

துருவி அவளையே பார்த்தார். எத்தனையோ வருஷமாக அந்த மேடையில் சொன்ன வரிசையில் ஒரு பெண்ணும் இருந்ததில்லை என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவர் தாய் இல்லை, மனைவி இல்லை, வெள்ளத்தில் போன படகுக்காரர் மனைவியும் இல்லை. இதைக் கேட்கத் தோன்றவில்லையே, நானெல்லாம் ஒரு துருவியா என்று நெஞ்சு வலித்தது. மைக்கை நிமிர்த்திப் பிடித்தார்.

"ஒரு தாய் இந்தக் குழந்தையைச் சுமந்து பெற்றாள். அவளிடத்தில் லிஃப்ட்காரனும் அவன் மனைவியும் இவளைப் பெற்றார்கள்."

குழந்தை தாவி அவர் கண்ணாடியைப் பிடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. போதகர் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்.

"முடிஞ்சுதுங்களா ஐயா?"

"முடியலைங்க போதகரே" என்றார் துருவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."